சயின்ஸ் ஃபேண்டஸி நாவல்கள்: விமர்சனம், பரிந்துரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சயின்ஸ் ஃபேண்டஸி நாவல்களை எடுத்துப் பேசுகிறோம். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்தும் வருகிறார்கள், கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்தும் வருகிறார்கள். புதிதாக வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வட்டத்தில் இருக்கும் எல்லாரும் இவற்றை ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. இவை என் கருத்துகள்.

சயின்ஸ் ஃபேண்டஸி என்று எந்த மாதிரி நாவலைச் சொல்கிறீர்கள்?

விண்கலமும் மாயமும் ஒரே கதைக்குள் வரும் நாவல் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மட்டும் போதாது, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆன் மெக்காஃப்ரியின் 'டிராகன்ஃப்ளைட்' (1968) நாவலைத் திறந்தால் கோட்டை, பிரபு, டிராகன் மேல் பறக்கும் வீரர்கள் என்று ராஜா ராணிக் கதை போலத்தான் தெரியும். ஆனால் அது வேறொரு கோள். அங்கே இருப்பவர்கள் பூமியிலிருந்து போய்க் குடியேறியவர்களின் வாரிசுகள். வானத்திலிருந்து இழை இழையாக ஒன்று விழுந்து பயிர் பச்சையை எல்லாம் தின்றுவிடுகிறது. அது தரையைத் தொடுவதற்குள் நடுவானிலேயே எரிக்க வேண்டும். அதற்காக அந்தக் கோளில் இருந்த சின்னப் பறக்கும் பல்லிகளிலிருந்து முன்னோர்கள் வளர்த்தெடுத்தவைதான் டிராகன்கள். டிராகனுக்கும் ஒரு பிறப்புக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்துக்குள் ஒரு ஆய்வுக்கூடம் இருக்கிறது.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் வேண்டுமானால் இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த பிரிட்டிஷ் படக்கதை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மின்சாரம் தெரிந்த சங்கதி, ஆள் மறைவது மாயம், அந்தக் கை மட்டும் மறையாமல் நிற்பது கதையின் சட்டம். அந்தச் சட்டத்தால்தான் ஒவ்வொரு பக்கத்திலும் 'மாட்டிக்கொள்வானோ' என்ற பதற்றம் வருகிறது. பள்ளிக்கூடப் பையில் அதை ஒளித்து வைத்துப் படித்த தலைமுறைக்குச் சயின்ஸ் ஃபேண்டஸி புதிய சரக்கே இல்லை.

இந்த நாவல் சயின்ஸ் ஃபிக்‌ஷனா, ஃபேண்டஸியா, இரண்டும் கலந்ததா என்று எப்படி முடிவு செய்வது?

முடிவு செய்ய வேண்டியதில்லை. பாலைவனக் கோள் ஒன்றில் நடக்கும் 'டூன்' நாவலை எந்த அலமாரியில் வைப்பது என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை போடலாம். அந்த மாலையில் அதைப் பற்றி வேறு எதுவும் பேசியிருக்க மாட்டோம்.

அறிவியல் படிக்காதவர் விமர்சனம் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தத் தயக்கமே தேவையில்லை. கோடையில் ஊர்களில் பாரதம் வைக்கும்போது விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் நாம். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் சாயும் படுகளம்.

சயிந்தவன் வதம் ஆடும் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். அபிமன்யு சாகக் காரணமான சயிந்தவனை மறுநாள் பொழுது சாய்வதற்குள் கொல்வேன், முடியாவிட்டால் தீயில் இறங்குவேன் என்று அர்ச்சுனன் சபதம் செய்கிறான். மறுநாள் நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. கிருஷ்ணன் சக்கரத்தால் சூரியனை மறைக்கிறான். பொழுது சாய்ந்துவிட்டது, இனி பயமில்லை என்று சயிந்தவன் தலையை வெளியே நீட்டுகிறான். சக்கரம் விலகுகிறது, பகல் இன்னும் பாக்கி இருக்கிறது. அம்பு பாய்கிறது. அதோடு முடிந்ததா? இல்லை. 'என் மகன் தலையை எவன் தரையில் விழவைக்கிறானோ, அவன் தலை வெடிக்கட்டும்' என்று சயிந்தவனின் அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார். அதனால் அம்பு அந்தத் தலையைத் தூக்கிக்கொண்டு போய், அப்போது சந்தியாவந்தனத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த அப்பாவின் மடியிலேயே போடுகிறது. அவர் எழுந்திருக்கிறார், தலை உருண்டு தரையில் விழுகிறது, வெடிப்பது அவர் தலை.

இதில் எதுவும் பௌதிகப் பாடத்துக்குள் அடங்காது. ஆனால் கதை தனக்கென்று வகுத்துக்கொண்ட விதிகளில் ஒன்றுகூட மீறப்படவில்லை. சபதம் சொன்னபடி நிறைவேறியது, வரமும் சொன்ன வார்த்தைப்படியே பலித்தது. கூத்தாடுபவர் வரத்தை மறந்துவிட்டுத் தலையைச் சும்மா கீழே போட்டிருந்தால், முன்வரிசையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி உடனே கண்டுபிடித்திருப்பார். அந்தப் பாட்டிக்கு இருக்கும் கவனம்தான் இந்த வகை நாவலை விமர்சிக்கத் தேவையான முதல் தகுதி. ஒளியின் வேகம் எவ்வளவு என்பதைத் தேவைப்பட்டால் பிறகு தேடித் தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் ஒரு நாவலில் எதையெல்லாம் பார்க்கிறீர்கள்?

மேலே சொன்ன விதி முதலில். கதை எதை முடியும் என்றது, எதை முடியாது என்றது, கடைசி ஐம்பது பக்கத்தில் அந்த வாக்கைக் காப்பாற்றியதா? இருநூறு பக்கம் 'இந்தக் கதவு உள்ளிருந்து மட்டும்தான் திறக்கும்' என்று சொல்லிவிட்டு, கதாநாயகன் மாட்டிக்கொண்டதும் வெளியிலிருந்து திறந்தால் அது வாசகரை ஏமாற்றுவது. நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் இதை நான் மன்னிப்பதில்லை.

அப்புறம் விலை. சக்தி இருக்கிறது என்றால் அதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். என்.கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' (2015) இதில் பெரிய பாடம். அந்த உலகத்தில் நிலநடுக்கத்தை அடக்கவும் எழுப்பவும் முடிந்த ஆட்கள் சிலர் பிறக்கிறார்கள். அவர்கள் சக்தியைப் பயன்படுத்தும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறார்கள். கட்டுப்பாடு தவறினால் பக்கத்தில் நிற்பவர் உறைந்து சாகிறார். ஊருக்கு அவர்கள் வேண்டும், அவர்கள் இல்லாவிட்டால் ஊரே இடிந்துபோகும். அதே ஊர்தான் அவர்களை அடையாளம் தெரிந்தால் அடித்துக் கொல்லவும் தயங்காது. ஒரு சக்தி, அதன் விலை, அந்த விலையால் உருவான ஒரு சமூகம் என்று மூன்றும் ஒரே கயிற்றில் முறுக்கிக் கிடக்கின்றன.

அடுத்தது சோறும் தண்ணீரும். கோட்டை இருக்கிறது, விண்கலம் இருக்கிறது, சரி. யார் சமைக்கிறார்கள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான சுமாரான நாவல்கள் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகின்றன. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' (1965) இன்றும் நிற்பதற்கு முக்கியக் காரணம், அது தண்ணீரை ஒரு நிமிடம்கூட மறக்காததுதான். மழையே இல்லாத கோள். வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் பிடித்து மறுபடி குடிநீராக்கும் உடையைப் போட்டுக்கொண்டு பாலைவன மக்கள் வாழ்கிறார்கள். செத்தவர் உடம்பில் இருக்கும் தண்ணீர் அந்தக் குடிக்குச் சொந்தம். ஓர் இடத்தில் அந்த மக்களின் தலைவன் பிரபுவின் முன்னால் மேசைமேல் துப்புகிறான். காவலர்கள் கொதித்துப்போகிறார்கள். பிறகுதான் புரிகிறது, அவன் செய்தது மரியாதை. தன் உடம்பின் ஈரத்தைக் கொடுத்திருக்கிறான்.

இந்த இடத்தைப் பற்றி எங்கள் கூட்டத்தில் பேசியவர் பென்னாகரம் பக்கத்து ஆசிரியர் ஒருவர். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை நம் மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களில் ஃப்ளூரைடு கலந்த நிலத்தடி நீரைத்தான் குடித்தார்கள். பல்லில் பழுப்புக் கறை, முட்டிவலி, வளைந்துபோன எலும்பு என்று அதன் பலனையும் அனுபவித்தார்கள். 'எல்லாரும் அந்தப் பாலைவனத்து ராட்சத மணற்புழுவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்தத் துப்பல்தான் மறக்கவில்லை. தண்ணீருக்கு அவ்வளவு மதிப்பு வைத்திருக்கும் ஊரில் எல்லா மரியாதையும் தண்ணீரை வைத்துத்தான் இருக்கும்' என்றார். அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட நல்ல விமர்சனங்களில் அதுவும் ஒன்று. அவர் விமர்சகர் இல்லை. தான் வாழ்ந்த இடத்திலிருந்து புத்தகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

'கதை சூப்பர், விறுவிறுப்பு' என்பதைத் தாண்டி எழுத வரவில்லை. என்ன செய்வது?

இது எல்லாருக்கும் வரும் சிக்கல். அரூரிலிருந்து வரும் கல்லூரி மாணவி ஒருவர் 'தி ஃபிஃப்த் சீசன்' பற்றி எழுதிக் கொண்டுவந்த முதல் தாளில் மூன்றே வரி இருந்தது. உலகக் கட்டமைப்பு பிரமாதம், பாத்திரங்கள் அருமை, அனைவரும் படிக்க வேண்டும். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: 'எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தாய்?'

யோசித்துவிட்டுச் சொன்னார். சக்தி உள்ள ஒரு சிறுமியை அவள் வீட்டிலிருந்து ஒரு காப்பாளன் அழைத்துப் போகிறான். குதிரையில் தனக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அன்பாகக் கதை சொல்லிக்கொண்டே வருகிறான். பேசிக்கொண்டே அவள் கையை உடைக்கிறான். வலியிலும் அவள் தன் சக்தியை அடக்கிக்கொள்கிறாளா என்று பார்க்கும் சோதனை அது. சோதனை முடிந்ததும் 'உன்மேல் எனக்கு அன்பு' என்கிறான். அந்தச் சிறுமிக்கு அப்போது அந்த அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. 'அந்த இடத்தில் மூடி வைத்துவிட்டேன் சார். மறுநாள்தான் எடுத்தேன்' என்றார்.

அதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினார். கூட்டத்தில் அந்த ஒரு பத்தியை வாசித்து முடித்ததும் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று பலரும் கேட்டார்கள். 'பிரமாதம்', 'அருமை' எதுவும் அதில் இல்லை. இருந்தது அந்தக் குதிரை, அந்தக் கை, அந்தக் குரல். நீங்களும் புத்தகத்தை எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள், எந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தீர்கள், எங்கே கோபம் வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். அது ஏன் என்று இரண்டு வரி எழுதப் பார்த்தால் விமர்சனம் தானாக வரும்.

நம் சாமிகளை வைத்து எழுதிய வெளிநாட்டு நாவலை எப்படி எடுத்துக்கொள்வது?

பெரும்பாலும் 'லார்ட் ஆஃப் லைட்' பற்றித்தான் இப்படிக் கேட்கிறார்கள். ரோஜர் செலாஸ்னி எழுதி 1967-ல் வெளிவந்தது, அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கியது. பூமியிலிருந்து விண்கலத்தில் வந்து வேறொரு கோளில் இறங்கியவர்களில் சிலர், ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு மாறும் இயந்திரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொள்கிறார்கள். பிரம்மா, யமன், காளி, அக்னி என்று பெயர் சூட்டிக்கொண்டு மேலே வாழ்கிறார்கள். கீழே இருக்கும் மக்கள் செத்தால் அடுத்த உடம்பு எது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். கீழே யாராவது அச்சு இயந்திரம் போல ஒன்றைக் கண்டுபிடித்தால் நசுக்கிவிடுகிறார்கள். அவர்களுடைய பழைய தோழன் ஒருவன், சாம் என்று பெயர், புத்தரின் போதனையை ஆயுதமாக எடுத்துக்கொண்டு அவர்களை எதிர்க்கிறான்.

இதில் தெய்வ நிந்தனை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தெய்வத்தின் பெயரை மாட்டிக்கொண்டு அடுத்தவன் பிறப்பையும் படிப்பையும் தன் பிடியில் வைத்திருக்கும் மனிதர்களைப் பற்றிய கதை இது. எந்த வீட்டில் பிறந்தாய் என்று கேட்டு எழுத்தை மறுத்த ஊரில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த நாவலைப் படிக்கும்போது, அமெரிக்க வாசகருக்குக் கேட்காத ஒன்று அவர்களுக்குக் கேட்கும். அதை எழுத வேண்டியது நாம்தான்.

குறையையும் எழுத வேண்டும். வெளியே நின்று படித்துத் தெரிந்துகொண்டு எழுதியிருப்பது பல இடங்களில் தெரிகிறது. பெண் பாத்திரங்கள் மெலிவாக இருக்கிறார்கள், காளியே ஒருவரின் பழைய காதலியாகச் சுருங்கிப்போகிறாள். நம் பண்பாட்டை எடுத்தார் என்ற பெருமையில் பாராட்டுவதும் வேண்டாம், எடுத்தார் என்ற கோபத்தில் மூடி வைப்பதும் வேண்டாம். வேறு எந்த நாவலுக்கும் வைக்கும் அளவுகோலையே இதற்கும் வையுங்கள்.

கதையை எவ்வளவு சொல்லலாம்?

முதல் கால்பங்கில் நடப்பதைச் சொல்லலாம். அதற்கு மேல் நிகழ்ச்சியைச் சொல்லாமல் அது உங்களை என்ன செய்தது என்று சொல்லுங்கள்.

ஆனால் வாசகர் வழி தவறும் இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 'லார்ட் ஆஃப் லைட்' முதல் அத்தியாயம் கதையின் வரிசைப்படி கிட்டத்தட்ட கடைசிக்கு முந்தைய கட்டம். அதற்கப்புறம் பல அத்தியாயங்கள் பின்னோக்கிப் போய், இறுதியில்தான் விட்ட இடத்துக்குத் திரும்பி வருகின்றன. இது தெரியாமல் குழம்பி, நாற்பதாவது பக்கத்தில் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் சுவாரசியம் எதுவும் கெடாது.

தமிழிலேயே படிக்க என்ன இருக்கிறது?

முழுக்க முழுக்கச் சயின்ஸ் ஃபேண்டஸி என்று சொல்லத்தக்க நாவல்கள் தமிழில் குறைவு. அறிவியல் புனைகதையில் நுழைய சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வும் இப்போதும் நல்ல வாசல். ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே படிக்கலாம். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு சிறுகதைகள்தான், ஆனாலும் நான் அடிக்கடி கையில் கொடுப்பது அதை. மேற்கத்திய அறிவியலோடு சித்த மருத்துவம் மாதிரியான நம் மரபு அறிவும் அந்தக் கதைகளுக்குள் வருகிறது. அந்த வழியில் இன்னும் பத்துப் பேர் நாவலாக எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஆங்கிலம் ஓரளவுதான் வரும். எதில் தொடங்கலாம்?

மேடலின் லெங்கலின் 'எ ரிங்கிள் இன் டைம்' (1962). சின்னப் புத்தகம், எளிய வாக்கியங்கள். காணாமல்போன விஞ்ஞானி அப்பாவைத் தேடி மெக் என்ற சிறுமி தம்பியோடும் ஒரு நண்பனோடும் விண்வெளியின் மடிப்பு வழியாகப் போகிறாள். பதின்வயதினருக்காக எழுதியது என்றாலும் பெரியவர்களுக்கும் அலுக்காது. அதை முடித்தவர்கள் 'டிராகன்ஃப்ளைட்' எடுக்கலாம்.

ஜீன் உல்ஃபின் 'தி ஷேடோ ஆஃப் தி டார்ச்சரர்' (1980) உலகத் தரமான படைப்பு, நான்கு பாகங்களில் முதலாவது. ஆனால் அதில் தொடங்க வேண்டாம். சூரியன் மங்கிப்போன தொலைதூர எதிர்காலத்தைப் பழங்காலத்துச் சொற்களால் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அகராதியைத் தேடுவார்கள். கதை சொல்பவன் சொல்வதை எல்லாம் நம்பவும் முடியாது. இந்த வகையில் சில நாவல்கள் படித்துக் கை பழகியபின் போனால், அவர் ஒரு பொருளின் பெயரைச் சொல்லாமல் வெறுமனே வர்ணித்துவிட்டுப் போகும்போது 'அட, இது அதுவல்லவா' என்று நீங்களே கண்டுபிடிக்கும் சந்தோஷம் கிடைக்கும்.

ஒருவருக்கு எந்தப் புத்தகம் பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

'உங்களுக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. 'கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டீர்கள், எங்கே விட்டீர்கள்?' என்று கேட்பேன். அந்தப் பதிலில் ஆளே தெரிந்துவிடும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் எங்களிடம் வருகிறார். சீசன் மாதங்களில் லாரி லாரியாகக் காய் வந்து இறங்கும், ராத்திரி ஷிஃப்ட், புத்தகத்துக்குக் கிடைப்பது இருபது நிமிடம், அரை மணி நேரம். 'டூன்' நாவலைப் பாதியில் விட்டேன் என்றார். எங்கே என்று கேட்டேன். 'ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் யார் யாருடைய ஆள் என்று பின்னாடி போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது' என்றார். அவருக்கு அந்த நாவல் புரியாமல் இல்லை, நேரம்தான் ஒத்துவரவில்லை. 'விசும்பு' கொடுத்தேன். ஒரு இடைவேளைக்கு ஒரு கதை. சீசன் முடிந்தபின் அவரே 'டூன்' கேட்டு வாங்கிப்போய் முடித்தார்.

நல்ல புத்தகத்தைத் தவறான நேரத்தில் கொடுத்தால் ஒரு வாசகரையே இழந்துவிடலாம். அதனால் பரிந்துரைக்கும்போது புத்தகத்தின் தரத்தைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறோமோ, அதைவிட அதிகமாக எதிரே நிற்பவரைப் பற்றி யோசிக்க வேண்டும். வீட்டில் யாரையாவது இழந்து சில மாதமே ஆனவரிடம் 'தி ஃபிஃப்த் சீசன்' நீட்டக் கூடாது. ஒரு குழந்தையின் சாவில்தான் அது தொடங்குகிறது. எவ்வளவு பெரிய நாவலாக இருந்தாலும் அது பிறகு படிக்கட்டும்.

விருது வாங்கிய நாவல் என்றால் நம்பி எடுக்கலாமா?

யார் கொடுக்கும் விருது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். ஹியூகோ விருதுக்கு வாக்களிப்பது உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்களான வாசகர்கள். நெபுலா விருதுக்கு வாக்களிப்பது எழுத்தாளர்கள். ஜெமிசின் 'தி ஃபிஃப்த் சீசன்' வரிசையின் மூன்று பாகங்களுக்கும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து ஹியூகோ வாங்கினார். அதற்கு முன் யாரும் அப்படித் தொடர்ந்து மூன்றாண்டு சிறந்த நாவலுக்கு வாங்கியதில்லை.

நெபுலா வாங்கியவற்றில் நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இலங்கையைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர எழுதிய 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). நிழல் இல்லாமல் வளரும் ஒருவன், அப்பாவைக் கொல்வதற்காகவே அம்மாவால் பயிற்றுவிக்கப்பட்டவன், நகரத்துக்கு வருகிறான். அப்பா ஒரு மதத்தையே நிறுவிய மகான். அந்த நகரத்தில் அலைபேசி இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது, திறக்காத மாயக் கதவுகளும் இருக்கின்றன. தடுப்பு முகாம்களும் கலவரக் கும்பல்களும் இருக்கின்றன. 1983-ல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் தமிழ் வாசகர் இந்தப் பக்கங்களைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது.

நட்சத்திரம், மதிப்பெண் கொடுப்பீர்களா?

இல்லை. நான்கு நட்சத்திரம் என்று பார்த்தவுடன் மீதியை யாரும் படிப்பதில்லை.

பிடிக்காத நாவலைப் பற்றி எழுதலாமா? பாதியில் விட்டதைப் பற்றி?

இரண்டையும் எழுதலாம். பாதியில் விட்டதென்றால் எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பிடிக்காததை எழுதும்போது, அந்த நாவல் என்ன செய்ய முயன்றது என்பதை அதன் ஆசிரியரே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எழுதுங்கள். அதற்குப் பிறகு ஏன் முடியவில்லை என்று எழுதுங்கள். காதல் கதையை எதிர்பார்த்தேன், இதில் காதலே இல்லை என்பது குறை ஆகாது.

தெரிந்தவர் எழுதிய நாவலை எப்படி விமர்சிப்பது?

சின்ன ஊரில் இது நிஜமான சங்கடம். எழுதியவர் கடைவீதியில் எதிரே வருவார், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போக வேண்டும். நான் கடைப்பிடிப்பது இதுதான்: அவர் எனக்குத் தெரிந்தவர் என்பதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன். குறைகளை முதலில் நேரில், தனியாக அவரிடம் சொல்வேன். அங்கே சொல்லாத எதையும் மேடையில் சொல்ல மாட்டேன், அங்கே சொன்ன எதையும் மேடையில் மறைக்கவும் மாட்டேன். நம் ஊர்க்காரர் என்பதற்காக இல்லாத சிறப்பை இருப்பதாகச் சொன்னால், அடுத்த முறை உண்மையிலேயே ஒரு நல்ல நாவல் வரும்போது நம் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். அந்த நஷ்டம் அந்த ஊர்க்காரருக்கும்தான்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

'எ ரிங்கிள் இன் டைம்' பத்து, பதினொரு வயதிலிருந்து கொடுக்கலாம். உல்ஃபும் ஜெமிசினும் வளர்ந்தவர்களுக்கு. சித்திரவதையும் குழந்தைகள் மீதான வன்முறையும் அந்தக் கதைகளின் நடுவிலேயே இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரீட்சை நேரத்தில் நாவல் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு: தூங்குவதற்கு முன் பதினைந்து நிமிடம் எந்தப் படிப்பையும் கெடுக்காது.

தருமபுரி, கிருஷ்ணகிரியை வைத்து இப்படி ஒரு நாவல் வந்தால் அதில் எதை எதிர்பார்ப்பீர்கள்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. இவ்வளவு சரக்கு உள்ள மண் இது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வை வைத்து, அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு முன் இந்தக் குன்றுகளுக்கு நடுவே யாரோ கல்லிலிருந்து இரும்பை உருக்கியிருக்கிறார்கள். அதை முதன்முதலில் பார்த்த பக்கத்து ஊர்க்காரனுக்கு அது அறிவியலா, மாயமா? நாவல் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். மல்லசந்திரத்தில் குன்றின் மேல் கற்திட்டைகள், அதாவது கல் பலகைகளால் ஆன பழங்காலக் கல்லறைகள், வரிசையாக நிற்கின்றன. ஊர் ஊருக்கு நடுகல் இருக்கிறது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனைக் கல்லில் நிறுத்திக் கும்பிட்ட ஊர்கள் இவை.

எல்லாவற்றுக்கும் மேலே நெல்லிக்கனி. தகடூர் என்ற பழைய தருமபுரியை ஆண்ட அதியமான் கையில் சாவைத் தள்ளிப்போடும் ஒரே ஒரு கனி கிடைக்கிறது. அதன் பலனைச் சொல்லாமல் ஔவையாருக்குக் கொடுத்துவிடுகிறான். புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் ஔவையாரே இதைப் பாடியிருக்கிறார். 'லார்ட் ஆஃப் லைட்' நாவலின் போலிக் கடவுள்கள் நீண்ட ஆயுளைத் தங்கள் கைக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். நம் கதையில் அரசன் அதைக் கொடுத்துவிடுகிறான். ஆயுளை நீட்டும் ஒரு பொருள், அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, யாருக்குக் கொடுப்பது? இந்தக் கணக்கை ஓர் ஆய்வுக்கூடத்திலோ விண்கலத்திலோ வைத்துப் பாருங்கள். யாரிடமும் கடன் வாங்காத ஒரு நாவல் நம்மிடமே இருக்கிறது.

ஆனால் அப்படி ஒரு நாவல் வந்தால் நான் கறாராகத்தான் படிப்பேன். ஒகேனக்கல் வந்தால் போதாது. பரிசல்காரர் எந்தச் சுழியைச் சுற்றிக்கொண்டு போவார், ஏன் போவார் என்பது கதைக்குத் தேவைப்பட வேண்டும். நெல்லிக்கனி வந்தால் அதன் விதி என்ன, விலை என்ன என்று கேட்பேன். ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டாலும் கதை அப்படியே ஓடும் என்றால், அந்த நாவலுக்கு இந்த ஊர் தேவைப்படவில்லை என்று எழுதுவேன்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

தமிழ் நூல்களுக்கு மாவட்ட மைய நூலகம், ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழா. ஆங்கில நாவல்களுக்கு ஓசூர்க்காரர்கள் பக்கத்தில் இருக்கும் பெங்களூரு சர்ச் தெருவுக்குப் போய்ப் பழைய பிரதிகளை வாங்கி வருவார்கள். எங்கள் வட்டத்தில் ஒருவர் வாங்கினால் அது கைமாறிக்கொண்டே இருக்கும். வாங்கியவர் பெயர் முதல் பக்கத்தில், படித்தவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில்.

விமர்சனம் எழுதிக் கொண்டுவர விரும்புகிறேன். எப்படி இருக்க வேண்டும்?

இரண்டு முழுத்தாள் போதும், கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை. நூலின் பெயர், ஆசிரியர், வெளிவந்த ஆண்டு மேலே இருக்கட்டும். அயல்நாட்டுப் பெயர்களை வாயில் எப்படி வருகிறதோ அப்படியே தமிழில் எழுதுங்கள், ஒரே பெயரை ஒரே மாதிரி எழுதினால் சரி. கதைச் சுருக்கம் அரைத்தாளைத் தாண்ட வேண்டாம். நீங்கள் புத்தகத்தைக் கீழே வைத்த அந்த ஒரு இடம் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசியில் 'இந்த நாவலை இன்னாருக்குக் கொடுப்பேன்' என்று உங்களுக்கு நிஜமாகத் தெரிந்த ஓர் ஆளை மனதில் வைத்து, ஏன் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம். 'மாடு மேய்த்துக்கொண்டே படிக்கும் என் அத்தைக்கு', 'ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும் தம்பிக்கு' என்று இருந்தால் போதும்.